குதிரையருகில் நின்றால் மனக்காயம் ஆறுமா?

விபத்தில் தோழியைப் பறிகொடுத்துத் தான் மட்டும் உயிர் தப்பிய உங்கள் தங்கை ஒன்பது மாதங்களாகச் சரியாக உறங்குவதில்லை. காரின் முன்னிருக்கையில் அமர மறுக்கிறார். உளவியல் சிகிச்சையாளரிடம் இரண்டு முறை அழைத்துச் சென்றும் ஒரு சொல்கூடப் பேச முடியாமல் எழுந்து வந்துவிட்டார். இதற்கிடையே, குதிரைகளின் துணையோடு மனக்காயத்தை ஆற்றும் இடம் ஒன்றைப் பற்றி நண்பர் ஒருவர் சொல்ல, நீங்கள் போய் விசாரித்தபோது, பத்து வாரங்களில் குணமாகிவிடும், அதன்பின் மாத்திரையும் தேவைப்படாது என்று அங்கிருந்தவர்கள் கூறியிருக்கிறார்கள். இது உண்மையான சிகிச்சையா, ஏமாற்று வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை முழுமையாகப் படித்தபோது அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் பட்டது. பேச வேண்டியதைப் பேச முடியாமல் தவிக்கும் ஒருவருக்குப் பேச்சைச் சாராத வழி ஏதேனும் உண்டா, அந்த வழியில் போனால் மதிப்புள்ள காலம் வீணாகிவிடுமா என்பதுதான் அது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் மருத்துவ உளவியலாளர். பேரதிர்ச்சிக்கு உள்ளானவர்களுக்குச் சிகிச்சை அளிப்பதே பதினேழு ஆண்டுகளாக என் வேலை. அதில் கடைசிப் பதினோரு ஆண்டுகள், வாரத்தில் ஒரு நாள், பயிற்சி பெற்ற குதிரைப் பராமரிப்பாளர் ஒருவருடன் இணைந்து, குதிரைகள் இருக்கும் திடலிலேயே சிலரைச் சந்தித்து வருகிறேன். ஆகவே இந்த முறையின் மீது எனக்குப் பற்று உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்வதை அந்தப் பற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு எடை போடுங்கள். உங்கள் தங்கையை நேரில் பார்க்காமல் அவருக்கு இருப்பது இன்ன நோய் என்று நான் கூற முடியாது. நீங்கள் விவரித்துள்ள அறிகுறிகள் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறை, அதாவது பி.டி.எஸ்.டி. எனப்படுவதை, பெரிதும் ஒத்திருக்கின்றன. அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அந்தப் பெயரைப் பற்றியே யோசிப்போம். ஒன்பது மாதங்கள் என்பது தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்ட காலம். தோழியின் மரணத்துக்கான துக்கமும் இதனோடு பின்னிக் கிடக்கலாம். எனவே எந்தத் திடலுக்குப் போவதற்கு முன்பும் மனநல மருத்துவரோ உளவியலாளரோ அவரை முறையாக மதிப்பிட வேண்டும்.

‘குதிரை சிகிச்சை’ என்ற ஒரே பெயரில் வெவ்வேறு வேலைகள் நடப்பதால்தான் குழப்பத்தில் பாதி வருகிறது. ஹிப்போதெரபி என்பது இயன்முறை, தொழில்வழி, பேச்சு சிகிச்சையாளர்கள் குதிரையின் நடையசைவைத் தங்கள் சிகிச்சைக்குப் பயன்படுத்துவது. அதன் குறி உடலின் சமநிலையும் தசைக் கட்டுப்பாடும். மாற்றுத்திறனாளிகளுக்குக் குதிரையேற்றம் கற்பிப்பது இன்னொன்று. போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க் நாட்டு லிஸ் ஹார்டெல், பிறர் தூக்கிவிடத்தான் குதிரை மேல் ஏற முடியும் என்ற நிலையிலும், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குதிரையை நுட்பமான அசைவுகளில் நடத்திக் காட்டும் டிரெசாஜ் என்ற குதிரையேற்றப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அதன்பிறகே இத்துறை பல நாடுகளில் வேகம் பிடித்தது. 1969இல் வட அமெரிக்காவில் இதற்கெனத் தொடங்கப்பட்ட சங்கம் இன்று பாத் இன்டர்நேஷனல் என்ற பெயரில் இயங்குகிறது. மனநலத்துக்காகக் குதிரைகளைப் பயன்படுத்துவது இவற்றிலிருந்து கிளைத்து வந்த, வயதில் இளைய துறை. அதில் பரவலாக அறியப்பட்ட ஈகாலா என்ற அமைப்பு 1999இல்தான் தோன்றியது. உரிமம் பெற்ற மனநல வல்லுநர் ஒருவரும் குதிரைகளை அறிந்தவர் ஒருவரும் இணைந்து நடத்த வேண்டும், குதிரை மீது ஏறக் கூடாது, எல்லாம் தரையில் நின்றபடியே நடக்க வேண்டும் என்பது ஈகாலா வகுத்த முறை. நான் பணியாற்றுவதும் ஏறத்தாழ இப்படித்தான். உங்கள் தங்கைக்குப் பொருந்துவதும் இந்த வகை மட்டுமே. குதிரைகளோடு இனிமையாகப் பொழுது போக்கும் முகாம்கள் மனதுக்கு நல்லவையாக இருக்கலாம், ஆனால் அவை சிகிச்சை ஆகா.

ஓர் அமர்வில் என்ன நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு, வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக எதுவும் நடப்பதில்லை என்றே சொல்வேன். வந்தவர் முதலில் வேலிக்கு வெளியே என்னோடு நின்று குதிரைகளைப் பார்க்கிறார். சில வாரங்கள் அதுவே போதுமானதாக இருக்கும். பிறகு உள்ளே வருகிறார். எந்தக் குதிரையிடம் போவது, எவ்வளவு நெருங்குவது என்பதை அவரே முடிவு செய்கிறார். தூரிகையால் அதன் கழுத்தையும் விலாவையும் தேய்த்துவிடுகிறார். முகக்கயிற்றில் கோத்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு திடலைச் சுற்றி நடக்கிறார். குதிரை நின்றுவிட்டால் இழுக்காமல் அதை மீண்டும் நடக்க வைக்க முயல்கிறார். இடையிடையே நான் கேட்பதெல்லாம் சின்னக் கேள்விகள்தான்: இப்போது உங்கள் தோள் எப்படி இருக்கிறது, மூச்சு எங்கே நிற்கிறது, குதிரை காதைத் திருப்பியதைக் கவனித்தீர்களா, அந்தக் கணத்தில் உங்களுக்குள் என்ன ஓடியது? மணிக்கணக்காக ஓர் அறைக்குள் எதிரெதிரே உட்கார்ந்து கேட்டாலும் பதில் வராத கேள்விகள், கை வேலையில் இருக்கும்போது, கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாதபோது, பலருக்கு எளிதாகிவிடுகின்றன.

நாய், பூனை இருக்கக் குதிரை எதற்கு என்பதும் நியாயமான கேள்விதான். குதிரை வேட்டையாடப்பட்ட விலங்கு. சுற்றிலும் நடப்பதை ஓயாமல் கண்காணித்து, ஆபத்தின் முதல் சாயலிலேயே ஓடிவிடுவதைக் கொண்டே அதன் இனம் பிழைத்து வந்திருக்கிறது. தலையின் இருபுறமும் அமைந்த கண்களால் ஏறத்தாழ 350 பாகை வரை அதனால் பார்க்க முடியும். நெற்றிக்கு நேர் முன்னால் சிறிது இடமும், நேர் பின்னால் வாலை ஒட்டிய பகுதியும் மட்டுமே அதற்குத் தெரியாது. காதுகள் இரண்டும் தனித்தனியே திரும்பி ஒலியைத் தேடும். பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கு இந்த விலங்கின் நிலை விளக்காமலே புரிந்துவிடுகிறது, ஏனென்றால் அவர்களும் மாதக்கணக்காக அதே விழிப்பிலேயே வாழ்ந்து வருகிறார்கள். ஒரு வேறுபாடு உண்டு: குதிரை திடுக்கிட்டு நான்கடி துள்ளினாலும், ஆபத்தில்லை என்று கண்டதும் சற்று நேரத்தில் தலையைத் தாழ்த்தி மேயத் தொடங்கிவிடும். இறுக்கம் தளரும்போது நாக்கால் உதட்டை நக்கி, வெறும் வாயை மெல்லும். அந்தத் திரும்புதலைப் பக்கத்தில் நின்று பார்ப்பது, ‘பயப்படாதே’ என்று நூறு முறை கேட்பதைவிட ஆழமாகப் பதிவதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன்.

குதிரை மனித உடலை நுட்பமாகக் கவனிக்கிறது என்பதற்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுவதாகப் புகழ் பெற்றிருந்தது. கேட்ட கணக்குக்கான விடையைக் குளம்பால் தட்டிக் காட்டும். 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் அதை முறையாகச் சோதித்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸும் தவறியது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலையிலும் உடலிலும் அவரே அறியாமல் உண்டாகும் நுண்ணிய அசைவைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று சொல்லிக் கதையை முடித்துவிடுவோர் உண்டு; எனக்கோ அதற்குத் தெரிந்திருந்ததுதான் பெரிதாகத் தோன்றுகிறது. அண்மைக் காலத்தில், 2016இல், இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோபமான மனித முகத்தின் படத்தையும் மகிழ்ச்சியான முகத்தின் படத்தையும் 28 குதிரைகளுக்குக் காட்டினர். கோப முகத்தை அவை பெரும்பாலும் இடக்கண்ணால் நோக்கின; அச்சுறுத்தும் ஒன்றை விலங்குகள் பல அப்படித்தான் நோக்கும். இதயத் துடிப்பும் விரைவாக உயர்ந்தது.

ஆனால் இந்த உண்மைகளின் மேல் பல மிகையான கூற்றுகள் கட்டப்பட்டிருக்கின்றன, அவற்றை நீங்களும் கேட்டிருப்பீர்கள். குதிரை உங்கள் மனதின் கண்ணாடி, நீங்கள் மறைக்கும் உணர்வை அது அப்படியே திருப்பிக் காட்டும் என்பார்கள். குதிரை உங்கள் உடலின் இறுக்கத்துக்கு எதிர்வினை காட்டலாம். அதே நேரத்தில் ஈக்கும், பசிக்கும், பக்கத்துத் திடலில் நிற்கும் தன் கூட்டாளிக்கும் எதிர்வினை காட்டலாம். அது விலகிப் போனதைப் பார்த்து, ‘உங்களுக்குள் இருக்கும் கோபத்தை அது உணர்ந்துவிட்டது’ என்று ஒருவர் உங்கள் தங்கையிடம் சொன்னால், ஏற்கெனவே தன்மீது பழி சுமத்திக்கொண்டிருக்கும் பெண்ணின் மேல் இன்னொரு பழியை அவர் ஏற்றுகிறார். குதிரையின் இதயம் எழுப்பும் மின்காந்தப் புலம் மனித இதயத்தைச் சீராக்குகிறது என்பதற்கு நம்பத் தகுந்த ஆதாரம் இல்லை. காயப்பட்டவரைக் குதிரை தானே தேர்ந்தெடுக்கும் என்பதும் அப்படியே. ஓய்வில் இருக்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்கிறது என்பது உண்மை, அந்த நிதானமான பெரிய உடலின் அருகே நிற்பது பலருக்கு அமைதி தருவதும் உண்மை. அதற்கு மேல் மர்மம் சேர்க்கத் தேவையில்லை.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன். வன்முறைக்கு ஆளான ஒரு பெண் என்னிடம் வந்தார். தனக்குப் பின்னால் யாரும் நிற்பதை அவரால் தாங்கவே முடியாது. என் அறையில் முதுகைச் சுவரோடு ஒட்டியபடிதான் உட்காருவார். நான்காவது வாரம் சாம்பல் நிறப் பெண்குதிரை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், மறுபக்கம் போவதற்காக அதன் பின்புறமாகச் சுற்றப் போனார். பராமரிப்பாளர் மெல்லத் தடுத்து, குதிரைக்கு நேர் பின்னால் பார்வை இல்லை, அங்கிருந்து திடீரென்று யார் வந்தாலும் உதைத்துவிடும், ஆகவே ஒரு கையை அதன் பிட்டத்தின் மீது வைத்து, பேசிக்கொண்டே ஒட்டி நடந்து போங்கள் என்று செய்து காட்டினார். அந்தப் பெண் அப்படியே செய்தார். மறுபக்கம் போய் நின்றவர் வெகுநேரம் தூரிகையை எடுக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, “இதுக்கு யாரும் பைத்தியம்னு பேர் வைக்கலையே” என்றார். அடுத்த வாரம் வந்தபோது, சமையலறைக்குள் நுழையும் முன் குரல் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று தன் கணவரிடம் கேட்டுக்கொண்டதாகவும், அவரும் அப்படியே செய்வதாகவும் சொன்னார். தன் அச்சத்தை வெட்கமின்றி இன்னொருவரிடம் சொல்ல அவருக்கு முதன்முறையாக வார்த்தை கிடைத்தது. குதிரை அவரைக் குணப்படுத்தவில்லை. அந்தப் பதினைந்து நிமிடங்களை வைத்துக்கொண்டு அடுத்த ஆறு மாதங்கள் நாங்கள் இருவரும் அறைக்குள் செய்த வேலைதான் அவரை மீட்டது. ஆனால் அந்த வேலை அங்கிருந்துதான் தொடங்கியது.

இனி ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதற்கு வருகிறேன். உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய கோளாறுக்கு வலுவான சான்றுள்ள உளவியல் சிகிச்சைகள் இருக்கின்றன: நடந்ததையும் தவிர்க்கும் சூழல்களையும் பாதுகாப்பான முறையில் படிப்படியாக எதிர்கொள்ள வைப்பது, நடந்ததைப் பற்றி மனதில் உறைந்துவிட்ட ‘என்னால்தான் அவள் இறந்தாள்’ போன்ற முடிவுகளை ஆராய்ந்து திருத்துவது, கண்ணசைவைப் பயன்படுத்தி நினைவுகளைக் கையாளும் இ.எம்.டி.ஆர். முறை ஆகியவை. உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பேரதிர்ச்சியை மையப்படுத்திய அறிதல்-நடத்தை சிகிச்சையையும் (முதலில் சொன்ன இரண்டும் இந்த வகையே) இ.எம்.டி.ஆர். முறையையும் பரிந்துரைக்கிறது. இவை பெரும்பாலும் எட்டு முதல் பதினைந்து அமர்வுகளில் முடிபவை. குதிரைவழி சிகிச்சைக்கு அந்த அளவு சான்று இன்று இல்லை. 2014இல் அனெஸ்டிஸ் உள்ளிட்ட அமெரிக்க உளவியலாளர்கள் மனநலக் கோளாறுகளுக்கான குதிரைவழி சிகிச்சை பற்றிய 14 ஆய்வுகளைத் திரட்டி அலசினார்கள். எல்லாவற்றிலும் கடுமையான முறையியல் குறைகள் இருப்பதைச் சுட்டிக்காட்டி, இதைச் சிகிச்சையாக விற்பதை இந்தச் சான்றுகள் நியாயப்படுத்தவில்லை என்று முடித்தார்கள். அதைப் படித்த நாளில் எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் அவர்கள் சுட்டிய குறைகள் சரியானவை.

அதன்பிறகு ஆய்வின் தரம் உயர்ந்திருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் மேன் ஓ வார் என்ற திட்டத்தின் கீழ், பேரதிர்ச்சிக் கோளாறுள்ள 63 முன்னாள் படைவீரர்களுக்கு வாரம் ஒன்றாக எட்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம், சிறு குழுக்களாக நடத்தி, 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழப் பாதிப் பேரிடம் அறிகுறிகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. மூன்று மாதங்களுக்குப் பிறகும் அந்தப் பலன் நின்றது. பாதியில் விலகியவர்கள் மிகச் சிலர். பேரதிர்ச்சி சிகிச்சைகளில் பாதியில் நிறுத்திவிடுவோர் பலர் என்பதால், கடைசியாகச் சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன். இருந்தும் அந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை. குழுவாகக் கூடியதன் பலனா, திறந்த வெளியின் பலனா, எதிர்பார்ப்பின் பலனா, குதிரையின் பலனா என்று அதைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேட்ரிசியா பென்ட்ரி குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு அவ்வகையில் உறுதியானது: பள்ளி மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை 11 வாரக் குதிரைப் பயிற்சியில் சேர்த்து, உமிழ்நீரில் கார்டிசோல் என்ற மனஅழுத்த ஹார்மோனை அளந்தார்கள், பயிற்சி பெற்றவர்களிடம் அது குறைந்திருந்தது. ஆனால் அவர்கள் நோயாளிகள் அல்லர், சாதாரண மாணவர்கள். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், துணை சிகிச்சையாக நம்பிக்கை தருகிறது, முதன்மை சிகிச்சையாக நிறுவப்படவில்லை என்பதே நேர்மையான நிலை.

இங்கே என் பணியில் நேர்ந்த ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் தங்கைக்கும் அது நேரக்கூடும். தீ விபத்திலிருந்து தப்பிய ஓர் இளைஞர் திடலுக்கு வரத் தொடங்கினார். முதல் மாதத்திலேயே முகம் தெளிந்தது. குதிரைகளின் பெயர், குணம், எதற்கு எந்தக் குளம்பில் வலி என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. குடும்பத்தார் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன். ஆறு மாதங்கள் கழித்துத்தான், வீட்டில் அவர் இன்னும் அடுப்பு எரியும் அறைக்குள் நுழைவதில்லை, கனவுகள் ஒன்றுகூடக் குறையவில்லை என்பது எனக்குத் தெரிய வந்தது. இந்தக் கோளாறை வாழவைப்பது தவிர்த்தல். நினைவைத் தொடாமல் இருப்பதற்கு மனம் எந்த நல்ல இடத்தையும் பயன்படுத்திக்கொள்ளும். திடலை அவருக்கு இனிய ஒளிவிடமாக நானே ஆக்கிவிட்டிருந்தேன். அன்றிலிருந்து குதிரைகளோடு வேலையைத் தொடங்கும் முன்பே, எத்தனையாவது வாரத்தில் நடந்ததைப் பற்றிய நேரடிச் சிகிச்சைக்குள் செல்வோம் என்பதை வருபவரோடு பேசி எழுதிவைத்துவிடுகிறேன். அறிகுறிகளை முறையான கேள்விப்படிவத்தால் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அளக்கிறேன். திடலில் ஒருவர் சிரிப்பதை மட்டும் வைத்து அவர் தேறி வருகிறார் என்று இப்போது நான் முடிவு செய்வதில்லை.

ஆகவே உங்கள் தங்கையைப் பொறுத்தவரை நான் கருதுவது இது. பேச முடியாமல் எழுந்து வந்தது சிகிச்சை தோற்றதற்கு அடையாளம் அல்ல. அந்த நோயே அப்படிப்பட்டது. முதல் இரண்டு சந்திப்புகளிலேயே நடந்ததை முழுதும் சொல்ல வேண்டிய கட்டாயமும் கிடையாது. அதே சிகிச்சையாளரிடம், ‘அவள் பேசாமல் உட்கார்ந்திருக்கவும் இடம் கொடுங்கள்’ என்று நீங்கள் கேட்கலாம், அல்லது வேறொருவரைத் தேடலாம். அதற்கும் அவர் இணங்காமல், ஆனால் குதிரைகளைப் பார்க்க வருகிறேன் என்று சொன்னால், அது வீணான வழி அல்ல. ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை, தன் உடலின் பதற்றத்தைக் கவனிக்கவும் தணிக்கவும், இன்னொரு மனிதரின் முன்னிலையில் பாதுகாப்பை உணரவும் அது பழக்கலாம். அந்தப் பழக்கத்தோடு முதன்மை சிகிச்சைக்குள் வருபவர்கள் அதைத் தாங்கி நிற்பதை நான் கண்டிருக்கிறேன். இது என் அனுபவம்; ஆய்வு நிறுவிய உண்மையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். காரின் முன்னிருக்கையில் மீண்டும் அமர்வது குதிரையால் நடக்காது. அதற்கு, நிறுத்திவைத்த காரில் ஐந்து நிமிடம் உட்காருவதிலிருந்து படிப்படியாகப் போகும் பயிற்சி தேவை.

நீங்கள் விசாரித்த இடத்தைப் பற்றி எனக்கு இரண்டு கவலைகள் உண்டு. பத்து வாரங்களில் குணமாகிவிடும் என்று ஆளைப் பார்க்காமலே உறுதி தருவது, இத்துறையை அறிந்த எவரும் செய்யக் கூடாதது. மாத்திரை தேவைப்படாது என்று சொன்னது அதைவிடக் கடுமையானது. உங்கள் தங்கை உட்கொள்வது செர்ட்ராலின், பராக்ஸெட்டின் போன்ற மருந்து என்றால், திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், குமட்டல், எரிச்சல், உறக்கக் குலைவு எல்லாம் வரலாம், பழைய நோயும் வேகமாகத் திரும்பலாம். மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் எழுதிக் கொடுத்த மருத்துவரின் முடிவு மட்டுமே. அந்த இடத்துக்கு மறுபடியும் போனால், அமர்வின்போது திடலுக்குள் நிற்கப்போகும் மனநல வல்லுநர் யார், அவரது உரிமம் என்ன, பேரதிர்ச்சி சிகிச்சையில் எங்கே பயிற்சி பெற்றார் என்று கேளுங்கள். குதிரை வளர்ப்பில் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், கடந்தகால நினைவு திடீரெனப் பொங்கி ஒருவர் நிலைகுலையும்போது என்ன செய்வது என்று அறியாதவரிடம் உங்கள் தங்கையை ஒப்படைக்க வேண்டாம். முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளக்கிறார்கள், இப்போதைய மருத்துவரோடு தொடர்பில் இருப்பார்களா, எவரைச் சேர்க்க மறுப்பார்கள் என்றும் கேளுங்கள். எல்லோரையும் சேர்ப்போம் என்று பதில் வந்தால் நான் தயங்குவேன். தற்கொலை எண்ணம் தீவிரமாக உள்ளவர்கள், நிஜத்தோடு தொடர்பு அறுந்த நிலையில் இருப்பவர்கள், கட்டுப்படாத வலிப்பு நோய் உள்ளவர்கள், விலங்குகளைத் துன்புறுத்திய வரலாறு உள்ளவர்கள், குதிரை முடியாலும் வைக்கோல் தூசியாலும் மூச்சுத்திணறல் வருபவர்கள் ஆகியோருக்கு நாங்கள் வேறு வழியைத்தான் பரிந்துரைப்போம்.

400 முதல் 600 கிலோ எடையுள்ள, திடுக்கிடும் இயல்புள்ள விலங்கு என்பதால் உடல் பாதுகாப்பும் சிறிய விஷயம் அல்ல. மூடிய உறுதியான காலணி, அமர்வு முழுவதும் அருகில் நிற்கும் பராமரிப்பாளர், காலம் தவறாத டெட்டனஸ் தடுப்பூசி ஆகியவை இல்லாமல் தொடங்க வேண்டாம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லித் தருகிறார்களா என்று பாருங்கள். தெரிந்தவர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். குதிரைகளையும் பாருங்கள். காதைப் பின்னால் அழுத்திவைத்து, வாலை விடாமல் விசிறி, தொட வந்தால் கடிக்க முனையும் குதிரை துன்பத்திலோ சலிப்பிலோ இருக்கிறது. அதற்கு ஓய்வும் மேய்ச்சலும் தன் இனத்தோடு கூட்டும் கிடைக்கிறதா, விலகிப் போக விரும்பினால் விடுகிறார்களா என்று கேளுங்கள். ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை அங்குள்ள விலங்குக்கே இல்லாதபோது, தன் எல்லைகள் மீறப்பட்ட ஒருவர் அந்த இடத்திலிருந்து எதைக் கற்றுக்கொள்வார்? இதில் நான் சற்றுப் பிடிவாதக்காரன். நிற்க விரும்பாத குதிரையைக் கட்டிவைத்து ஒருபோதும் அமர்வு நடத்தியதில்லை.

கடைசியாக, முதல் நாள் நீங்களும் உடன் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போங்கள், ஆனால் வேலிக்கு வெளியே நில்லுங்கள். ‘தொடு, பயப்படாதே’ என்று அங்கிருந்து சொல்ல வேண்டாம். முதல் நாள் அவர் குதிரையின் பக்கமே போகாமல் முழு நேரமும் வேலியில் சாய்ந்து நின்றுவிட்டு வந்தாலும் அந்த நாள் வீணாகவில்லை. கைப்பேசியில் படம் எடுக்க வேண்டாம். திரும்பும்போது அவர் பின்னிருக்கையில்தான் உட்காருவார், உட்காரட்டும். ‘எப்படி இருந்தது, மனசு லேசாச்சா’ என்ற கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். பேச்சு வேண்டுமென்று தோன்றினால், அங்கிருந்த குதிரைகளில் ஒன்றின் பெயரைக் கேளுங்கள். அவர் சொன்னால் சொல்லட்டும், சொல்லாவிட்டால் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வரட்டும்.